ஜி.சி. இன்லெட்டில் முறிந்து மாட்டிக்கொண்ட நட்டை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேஸ் குரோமடோகிராஃபில் (ஜி.சி., கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கருவி) கேப்பிலரி என்ற மெல்லிய சிலிக்காக் குழாயை மாற்றும்போது, அதைப் பிடிக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று ஸ்பேனரைத் தள்ளுவார்கள். நட்டின் தலை கையோடு வந்துவிடும். மரை உள்ள பகுதி, மாதிரியை உள்ளே விடும் இன்லெட்டின் அடியில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பின் அந்த ஆய்வகத்தில் நடப்பதுதான் உண்மையான சேதம். ஒருவர் மூக்குக் குறடால் பிடித்து இழுப்பார், இன்னொருவர் எண்ணெய் தெளிப்பார், மூன்றாமவர் ட்ரில் எடுத்துவரப் போவார். முறிந்த துண்டைவிட அதை எடுக்கப் போய் உண்டாகும் பழுதுதான் பெரும்பாலும் செலவு அதிகம் வைக்கிறது.

இந்த வழிகாட்டி ஸ்பிளிட்/ஸ்பிளிட்லெஸ் இன்லெட்டின் (மாதிரியில் ஒரு பங்கையோ ஏறக்குறைய முழுவதையுமோ கேப்பிலரிக்குள் அனுப்பும் வகை) அடியில் முறிந்த நட்டைப் பற்றியது. ஹைட்ரஜன் சுடரால் அளக்கும் டிடெக்டரான எஃப்.ஐ.டி.யின் ஜெட் (சுடர் எரியும் சிறு மூக்கு) முறிந்தால் என்ன மாறும் என்பதும் உண்டு. கருவி வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உத்தரவாதத்திலோ இருந்தால் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டு பொறியாளரை அழையுங்கள். நீங்கள் கை வைத்த பாகத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

1. வாயு, சூடு, மின்சாரம்: இந்த வரிசையில் நிறுத்துங்கள்

முதலில் எஃப்.ஐ.டி.க்குப் போகும் ஹைட்ரஜனை மூடுங்கள். திரையில் அணைத்தால் மட்டும் போதாது. சிலிண்டரிலோ ஜெனரேட்டரிலோ உள்ள வால்வையும் மூட வேண்டும். கேப்பிலரி கழன்ற டிடெக்டர் வழியாக ஹைட்ரஜன் ஓவனுக்குள் இறங்கித் தேங்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தாலே அது பற்றக்கூடியது. ஓவன் ஹீட்டரை யாராவது தெரியாமல் இயக்கினால் கதவு பறக்கும். மாதிரியைக் கேப்பிலரி வழியே கொண்டுபோகும் கேரியர் வாயுவும் ஹைட்ரஜன் என்றால் அதையும் இப்போதே மூடிவிட்டு, ஓவனைச் சூடாக விடாமல் கதவைத் திறந்து ஆற விடுங்கள்.

கேரியர் ஹீலியமோ நைட்ரஜனோ என்றால் அதை உடனே மூட வேண்டாம். சூடான கேப்பிலரிக்குள் ஆக்சிஜன் புகுந்தால் உட்பூச்சு கெட்டுவிடும். ஓவன், இன்லெட், டிடெக்டர் மூன்றையும் 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கிய பிறகு கேரியரை நிறுத்துங்கள். இன்லெட் 250 டிகிரியில் இருந்தது என்றால் ஆறுவதற்கு நேரம் எடுக்கும். ஓவன் சீக்கிரம் ஆறிவிடுவதால் இன்லெட்டும் ஆறிவிட்டது என்று நினைத்து விரலைச் சுட்டுக்கொள்பவர்கள் அதிகம். திரையில் இன்லெட்டின் வெப்பநிலையைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக மின் இணைப்பைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். வெப்பநிலையைத் திரை காட்ட மின்சாரம் வேண்டும் என்பதால்தான் இது கடைசியில் வருகிறது.

டிடெக்டர் இ.சி.டி. (எலெக்ட்ரான் கவர்வு டிடெக்டர்) வகையாக இருந்து, முறிவு அதன் பக்கம் என்றால், இத்தோடு நிறுத்துங்கள். அதற்குள் நிக்கல்-63 என்ற கதிரியக்க மூலம் இருக்கிறது. இந்தியாவில் அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அங்கே ட்ரில்லுக்கும் ரம்பத்துக்கும் வேலை இல்லை. தயாரிப்பாளரையும் உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியையும் அழைப்பது ஒன்றுதான் வழி.

2. கருவி எடுக்கும் முன் பாருங்கள்: முறிந்தது எது, அது எதற்குள் இருக்கிறது?

பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் ஒரு டார்ச்சும் போதும். கண்ணாடியை ஓவனுக்குள் இன்லெட்டின் அடியில் பிடித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தலையை உள்ளே விடாதீர்கள். முறிந்த கேப்பிலரியின் நுனி ஊசியைவிடக் கூர்மையான சிலிக்கா. கண்ணில் விழுந்தால் எளிதில் கண்டுபிடிக்கவும் முடியாது.

பார்க்க வேண்டியவை மூன்று. துண்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, சமமாக முறிந்திருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா? முறிந்த முகம் தட்டையாக இருக்கிறதா, சாய்ந்து கிழிந்திருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: துண்டு மாட்டியிருக்கும் மரை, கழற்றக்கூடிய பாகத்தில் இருக்கிறதா, இன்லெட்டின் உடலிலேயே வெட்டப்பட்டிருக்கிறதா?

புதியவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அஜிலெண்ட் 6890, 7890 வகை இன்லெட்டுகளில் கேப்பிலரி நட் நேரடியாக இன்லெட்டின் உடலில் ஏறுவதில்லை. அடியில் இருக்கும் ரெட்யூசிங் நட்டில்தான் ஏறுகிறது. அந்த ரெட்யூசிங் நட் தங்க முலாம் பூசிய சீலைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதை 1/2 அங்குல ஸ்பேனரால் கழற்றலாம், புதிதாக வாங்கவும் கிடைக்கும். அதாவது துண்டு மாட்டியிருப்பது விலை உயர்ந்த இன்லெட்டில் அல்ல, மாற்றக்கூடிய ஒரு பாகத்தில். வேறு நிறுவனக் கருவி என்றால் அதன் கையேட்டில் இன்லெட்டின் பிரிப்புப் படத்தைப் பாருங்கள். பட்டறை வேலை எதையும் ஓவனுக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்ய வேண்டாம். கழற்ற முடிந்ததைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

3. தேவையான கருவிகளும் விலக்க வேண்டியவையும்

அங்குல அளவு ஸ்பேனர்கள்: 1/4, 5/16, 7/16, 1/2. இவற்றுக்குப் பதிலாக மில்லிமீட்டர் செட்டைக் கொண்டுவருவது நம் ஊர் வழக்கம். 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ.; 6 நுழையாது, 7 வழுக்கி விளிம்பை மழுக்கும். 5/16க்கு 8 மி.மீ. ஓரளவு பொருந்தும், மற்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

மென்மையான தாடை பொருத்திய வைஸ் ஒன்று வேண்டும். பித்தளை அல்லது அலுமினியத் தகடு வைத்தால் போதும். கூரிய குத்தூசி, ஊசி அரம், உருப்பெருக்கி, ட்ரில் பிட்டைப் பிடித்துக் கையால் சுழற்றும் சிறு சக், இடது சுழற்சி கோபால்ட் ட்ரில் பிட்டுகள், நேர் பள்ளம் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டைப் பிடித்துத் திருகி எடுக்கும் கருவி), அலுமினியத் தாள், பஞ்சு முனைக் குச்சி, ஐசோபுரோப்பனால், அசிட்டோன் ஆகியவையும் தேவை. அதே வகையில் முறியாத நட் ஒன்று கட்டாயம் வேண்டும். அளவுகளை எடுப்பது அதிலிருந்துதான்.

துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயையும் சிலிக்கோன் எதையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஹைட்ரோகார்பன் எதுவும் எஃப்.ஐ.டி.யின் கண்ணில் தப்பாது. மரைக்குள் ஊறிய எண்ணெய், இன்லெட் சூடாகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அடிக்கோட்டை (மாதிரி இல்லாதபோது டிடெக்டர் வரையும் கோடு) தூக்கும். இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தி இரண்டு வாரம் பேய்ப் பீக்குகளை (மாதிரியில் இல்லாத பொருள் காட்டும் முகடுகள்) துரத்துவது யாருக்கும் லாபம் இல்லை.

4. ஓவனைப் போர்த்துங்கள்

ஓவனின் பின்சுவரில் விசிறி இருக்கிறது, அதைச் சுற்றி ஹீட்டர் கம்பிச் சுருள் இருக்கிறது. உலோகச் சீவல் ஒன்று அங்கே விழுந்தால் எடுப்பது கடினம். முதலில் கேப்பிலரியை அதன் கூண்டோடு வெளியே எடுத்து, இரு நுனிகளையும் பழைய செப்டம் (இன்லெட்டின் மேலே ஊசி நுழையும் ரப்பர் அடைப்பான்) துண்டில் குத்தி மூடி வையுங்கள். பிறகு பின்சுவரையும் தரையையும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்ப உணரியில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது லேசாக வளைந்தாலும் வெப்பநிலை அளவீடு மாறிவிடும்.

இன்லெட்டின் அடியில் வெப்பக் காப்புக் கிண்ணம் இருந்தால் அதை மெதுவாக, குலுக்காமல் இறக்குங்கள். அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் செராமிக் இழை. பிய்த்து எடுத்தால் தூள் பறக்கும், மூச்சில் போகும். கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

5. தாங்கும் பாகத்தோடு சேர்த்துக் கழற்றுங்கள்

முதலில் மேலே இருந்து செப்டம் நட், லைனர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கீழே தட்டும்போதும் திருகும்போதும் உள்ளே இருக்கும் கண்ணாடி லைனர் உடையாமல் இருக்கவே இது.

இப்போது ரெட்யூசிங் நட்டை 1/2 அங்குல ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள். அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்யும்போது திசை குழம்பும். கீழிருந்து முகத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசைதான் கழற்றும் திசை. இதைச் சொல்லக் காரணம், ஓவனுக்குள் தலை தலைகீழாக இருக்கும் நேரத்தில் கழற்றுவதாக நினைத்து இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் வெளியே கையில் ஒரு நட்டை வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

ரெட்யூசிங் நட் கழன்றதும் தங்க சீலும் வாஷரும் உங்கள் கையில் விழும். இங்கேதான் பாதி வேலை தானாகவே முடிகிறது. சாதாரண போல்ட்டின் தலை முறிந்தால் இழுவிசை போய்விடும், மீதித் துண்டு இலகுவாகச் சுழலும். கேப்பிலரி நட்டில் அப்படி இல்லை. அழுத்தம் தலையில் அல்ல, நுனியில், கேப்பிலரியைச் சுற்றி நெருங்கிக் கசிவை அடைக்கும் ஃபெரூல் என்ற வளையத்தின் மீது. தலை போன பிறகும் துண்டு ஃபெரூலை நெருக்கிக்கொண்டே மரையில் முட்டுக்கொடுத்து நிற்கும். சீல் விலகும்போது அந்த நெருக்கம் விடுபடுகிறது. முறிந்த உடனே துண்டை நேரடியாகத் திருக முயன்றவர்கள் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

6. மேசையில் துண்டை எடுத்தல்

ரெட்யூசிங் நட்டை மென் தாடைகளுக்கிடையே அறுகோண முகத்தில் பிடியுங்கள். நசுக்காதீர்கள், அது ஓவலாகிவிட்டால் உள்ளிருக்கும் துண்டை இன்னும் இறுக்கும்.

மேல்பக்கத்திலிருந்து குத்தூசியால் மீதி ஃபெரூலைக் கிளறி எடுங்கள். கிராஃபைட் என்றால் கருப்புத் தூளாக உதிரும். வெஸ்பெல் (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) கலந்தது என்றால் ஒரே துண்டாகப் பெயர்ந்துவரும். அதற்குள் கேப்பிலரித் துணுக்கு நிற்கலாம், விரலால் தொடாதீர்கள்.

பிறகு துண்டைத் திருப்பிப் பாருங்கள். முறிந்த முகம் கரடுமுரடாக இருந்தால் குத்தூசியின் முனையை விளிம்பில் ஊன்றி, கழலும் திசையில் சுற்றித் தள்ளினாலே பல துண்டுகள் நகரும். நகரும்போது ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும். கேட்டதும் அவசரப்படாமல் கால் சுற்று முன்னும் அரைக்கால் சுற்று பின்னுமாக ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவாருங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் மரைக்குள் சிக்கியிருக்கும் கிராஃபைட் துகளும் உலோகப் பிசிறும் மறுபடியும் நெருக்கிப் பூட்டிவிடும்.

நகரவில்லை என்றால் சூடும் குளிரும். ஹாட் ஏர் கன் கொண்டு ரெட்யூசிங் நட்டைச் சுற்றிலும் சூடாக்கி, உறைகுளிர் ஸ்ப்ரேயைத் துண்டின் மேல் மட்டும் அடியுங்கள். வெளிப்பாகம் விரிய, உட்துண்டு சுருங்க, பிடிப்பு உடையும். சில ஸ்ப்ரேக்களின் உந்துவாயு பற்றக்கூடியது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, சூடாக்கும் கருவியை அணைத்த பிறகே அடியுங்கள். துண்டு பித்தளை, தாங்கும் பாகம் துருப்பிடிக்காத எஃகு என்றால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவது எதிர்விளைவு தரும். பித்தளைதான் அதிகமாக விரியும், மரை இன்னும் இறுகும். அந்தச் சேர்க்கையில் குளிர்விப்பது மட்டுமே போதும்.

இதற்கும் அசையவில்லையா? புதிய ரெட்யூசிங் நட் கையில் இருந்தால் பழையதைத் தூக்கிப்போடுங்கள். எக்ஸ்ட்ராக்டரோடு மல்லுக்கட்டும் அரைநாளின் மதிப்பு அந்தப் பாகத்தின் விலையைவிட அதிகம்.

7. கழற்றவே முடியாத இடத்தில் மாட்டியிருந்தால்

மரை இன்லெட்டின் உடலிலேயே வெட்டப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயேதான் வேலை. இங்கே அவசரத்துக்கு இடமில்லை, ட்ரில் மெஷினுக்கும் இடமில்லை. கைச் சக் மட்டும்.

துருப்பிடிக்காத எஃகு ஒரு விசித்திரமான உலோகம். மழுங்கிய பிட்டைத் தேய்த்தால் வெட்டுப்படாமல் அந்த இடம் கெட்டிப்படும், பிறகு எதுவும் ஏறாது. அதனால் கூர்மையான கோபால்ட் பிட், மெதுவான சுழற்சி, விடாத அழுத்தம்.

அ. முறிந்த முகத்தை ஊசி அரத்தால் கொஞ்சம் சமன்படுத்துங்கள். சாய்ந்த முகத்தில் பிட் நழுவி மரையைக் கிழிக்கும். கேப்பிலரி போகும் துளை ஏற்கெனவே நடுவில் இருப்பதால் பிட்டுக்கு வழிகாட்டி தயார்.

ஆ. முறியாத நட்டில் தலைக்குக் கீழே நுனிவரை நீளத்தை அளந்து, பிட்டில் அதே அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த ஆழத்தைத் தாண்டினால் ஃபெரூல் அமரும் முகம். அது கீறப்பட்டால் அந்த இன்லெட் இனி கசிவில்லாமல் மூடாது.

இ. இருக்கும் துளையைவிடச் சற்றே பெரிய இடது சுழற்சிப் பிட்டைக் கழலும் திசையிலேயே சுழற்றுங்கள். வெட்டும் விசையே துண்டைத் திருகி வெளியே தள்ளும்; பெரும்பாலான நேரங்களில் எக்ஸ்ட்ராக்டர் தேவைப்படுவதே இல்லை. வரவில்லை என்றால் 0.2, 0.3 மி.மீ. வித்தியாசத்தில் அடுத்த பிட். கீழிருந்து மேல் நோக்கி வேலை செய்வது இங்கே நமக்குச் சாதகம், சீவல் தானாகக் கீழே விழும்.

ஈ. எக்ஸ்ட்ராக்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் நேர் பள்ளம் கொண்டதை மட்டும் போடுங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது கூம்பு வடிவச் சுருள் வகை. திடமான போல்ட்டுக்கு அது சரி. நம் துண்டு ஏற்கெனவே குழல், துளையிட்ட பிறகு சுவர் மெலிந்திருக்கும். கூம்பு உள்ளே ஏற ஏறத் துண்டு வெளிப்பக்கமாக விரிந்து மரையில் இன்னும் இறுகும். அதற்கு மேலும் திருகினால் எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறியும். அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண ட்ரில் அதைத் தொடாது. அதற்குப் பின் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) வசதி உள்ள டூல் ரூமுக்கு இன்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

எக்ஸ்ட்ராக்டர் வளைவதாகக் கைக்குத் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் இன்லெட்டைக் கழற்றி, நல்ல லேத் பட்டறைக்கு முறியாத நட்டோடு சேர்த்து அனுப்புவது மானக்கேடு இல்லை.

8. எஃப்.ஐ.டி. ஜெட் முறிந்தால் என்ன மாறும்?

ஜெட் டிடெக்டர் அடித்தளத்தில் மேலிருந்து திருகப்படுகிறது. அதனால் வேலை மேலிருந்து கீழ் நோக்கி, சீவல் விழும் திசை உங்களுக்கு எதிர். ஜெட்டுக்கு மேலே இருக்கும் கலெக்டரையும் இன்சுலேட்டர்களையும் முதலில் எடுத்து, தூசி படாமல் வையுங்கள். கைவிரல் எண்ணெய் பட்டாலே அடிக்கோடு ஆடும். கேப்பிலரியையும் அடியில் உள்ள அடாப்டரையும் கழற்றி, துளையைக் கீழ்வரை திறந்துவிட்டு, அடியில் ஒரு தாளைப் பிடித்து வையுங்கள். விழுவது உள்ளே தங்காமல் வெளியேறட்டும்.

மற்றபடி 7-ஆம் பகுதியின் முறையேதான். ஜெட் முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. முந்தைய முறை பொருத்தியவர் அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார், அது மாதக்கணக்கில் 300 டிகிரியில் வெந்திருக்கும்.

டிடெக்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால், கேப்பிலரியை அதற்குள் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் லைனின் நட் வேறு கதை. அங்கே மரை நட்டின் உட்புறம். அது பித்தளையாக இருப்பதும் டிரான்ஸ்ஃபர் லைனின் மரை தப்பட்டும் என்பதற்காகவே. வெற்றிடத்தை முறைப்படி நீக்கிய பிறகு நட்டின் ஒரு பக்கத்தை அரத்தால் மெலிய விட்டுப் பிளந்துவிடலாம்.

9. மரையைச் சீராக்குதல்

துண்டு வெளியே வந்தவுடன் புதிய நட்டைத் திருகிப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். முதலில் கழன்ற துண்டை உருப்பெருக்கியில் பாருங்கள். மரை முகடுகள் முழுதாக இருந்தால் உள்மரையும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முகடுகள் கிழிந்து, பளபளப்பான உலோகம் ஒட்டி இழுபட்டது போல் இருந்தால் எஃகும் எஃகும் பற்றிக்கொண்டிருக்கின்றன. உள்மரையிலும் அதே காயம் இருக்கும்.

டேப் (உள்மரை வெட்டும் கருவி) விட்டு மரையைத் துடைக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. 1/16 அங்குலக் குழாய்ப் பொருத்திகள் பலவற்றில் 10-32 என்ற அங்குல மரை வருகிறது. விட்டம் 4.83 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.794 மி.மீ. பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் எம்-5 டேப்பில் விட்டம் 5, இடைவெளி 0.8. கண்ணால் பார்த்து யாரும் பிரித்தறிய முடியாது. எம்-5 டேப் முதலிரண்டு மரை பதமாக இறங்கும், பிறகு வெட்டத் தொடங்கும், அந்த மரை அத்தோடு போயிற்று. உங்கள் நட் எந்த மரை என்பதைக் கையேட்டிலோ மரை அளவியிலோ உறுதிசெய்யாமல் டேப்பைத் தொடாதீர்கள். டேப்பைக் கையால் மட்டும் திருப்புங்கள், எதிர்ப்பு வந்தால் பின்வாங்குங்கள்.

சுத்தம் செய்ய அசிட்டோன் நனைத்த பஞ்சு முனை, பிறகு ஐசோபுரோப்பனால். மேசையில் எடுத்த பாகங்களை அல்ட்ராசோனிக் குளியலில் விடலாம். கம்ப்ரெசர் காற்றால் ஊதாதீர்கள். அதில் எண்ணெய் ஆவி இருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் சுத்தமான நைட்ரஜன் போதும், அதுவும் மேலிருந்து கீழாக. கரைப்பான் முழுதும் ஆவியாகும் வரை இன்லெட்டைச் சூடாக்க வேண்டாம்.

10. மீண்டும் பொருத்துதலும் கசிவுச் சோதனையும்

பழைய தங்க சீல், வாஷர், லைனரின் ஓ-ரிங், செப்டம், ஃபெரூல் எதையும் திரும்பப் போடாதீர்கள். இவ்வளவு அதிர்ச்சிக்குப் பின் எது கசிகிறது என்று தேடுவதைவிட எல்லாம் புதிதாக இருப்பது நல்லது. ரெட்யூசிங் நட்டை விரலால் முழுதும் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று.

கேப்பிலரியை உடனே பொருத்த வேண்டாம். துளையில்லாத ஃபெரூல் வைத்து இன்லெட்டின் அடியை அடைத்து, கேரியர் அழுத்தம் ஏற்றி, வாயுவை நிறுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். எவ்வளவு இறங்கலாம் என்ற எல்லையைக் கையேடு சொல்லும். இதைக் கேப்பிலரியோடு செய்தால், வாயு அதன் வழியே போகிறதா, கசிவின் வழியே போகிறதா என்று பிரிக்க முடியாது. சோப்புநீர் ஊற்றிக் குமிழி பார்ப்பதையும் விடுங்கள். அந்த நீர் கசிவின் வழியே உள்ளே போகும். போனது பீக்காக வரும். மின்னணுக் கசிவு காட்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பிறகு கேப்பிலரியை இன்லெட் பக்கம் மட்டும் பொருத்தி, டிடெக்டர் பக்கத்தை அடைத்துவிட்டு, மறுநுனியை ஓவனுக்குள் விட்டு, ஸ்பிளிட் பாய்ச்சலை உயர்த்தி இன்லெட்டைச் சூடேற்றுங்கள். கேரியர் ஹைட்ரஜன் என்றால் இந்த ஒரு படிக்கு நைட்ரஜனோ ஹீலியமோ மாற்றிக்கொள்ள வேண்டும். டிடெக்டரோடு இணைத்த பின் ஊசி போடாமல் ஒரு ஓட்டம், கரைப்பான் மட்டும் போட்டு ஒரு ஓட்டம். இரண்டிலும் அடிக்கோடு பழைய பதிவோடு ஒத்துப்போக வேண்டும். மருந்து ஆய்வகம் என்றால் சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவி அந்தச் சோதனைக்குத் தகுதியா என்ற சரிபார்ப்பு) தேறிய பிறகே மாதிரி ஏற்றுங்கள். மாற்றிய பாகங்களையும் செய்த வேலையையும் கருவிப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

11. நட் மறுபடியும் முறியாமல் இருக்க

புதிய வெஸ்பெல்-கிராஃபைட் ஃபெரூல் முதல் சில சூட்டுச் சுழற்சிகளில் சுருங்கும். அதனால் கசிவு தெரியும், உடனே சூட்டோடு சூடாக இறுக்குவார்கள். நட் முறியும் நேரம் பெரும்பாலும் அதுதான். ஓவனை ஆற வைத்துவிட்டு மெல்லிய ஒரு திருப்பு திருப்பினால் போதும். முதல் பொருத்தலில் விரல் இறுக்கம், அதன் மேல் கால் சுற்று. கேப்பிலரியை இழுத்துப் பார்த்து அசைந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம்.

நட்டின் அறுகோண விளிம்புகள் உருண்டுபோயிருந்தாலோ, விரலால் திருகும்போது கரகரவென்று தடுத்தாலோ அதை அன்றே மாற்றுங்கள். கரகரப்பு சரியாகட்டும் என்று மரையில் கிரீஸ் தடவுபவர்கள் மூன்றாம் பகுதியில் எண்ணெய்க்குச் சொன்னதை இன்னொரு முறை படிக்கலாம்.